மீன் சோறு மட்டும் தடுத்துவிடாது

"பட்டினி கிடந்து மெலிகிற நோயெல்லாம் பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான். மீன் சோறு சாப்பிட்டு வளரும் நம்ம மண்டபம், பாம்பன் பெண்களுக்கு வராது, வந்தால் ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, இரண்டுமே தவறு.

ஃபிஜித் தீவைப் பாருங்கள். அங்கேயும் கடல், மீன், கிழங்குதான். வாட்டசாட்டமான உடம்பே அழகு என்று இருந்த ஊர். 1995-ல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றே வருஷம்! நம் பிள்ளைகள் கையிலோ நாள் முழுக்க ரீல்ஸ்.

பார்த்தாலும் தெரியாது. பட்டினி மட்டுமல்ல, எடை குறைக்க வாந்தி எடுப்பதும் இதே வகை நோய்தான்; அப்படி எடுக்கிற பலர் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். ஆனால் அடிக்கடி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாளா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம், கல்யாண வீட்டில் "என்னடி இப்படி ஊதிட்டே" என்று வரவேற்கிறோமே, அதை நிறுத்தணும். அந்த ஒரு பேச்சில் என் அக்கா மகள் ராத்திரிச் சோற்றையே விட்டாள். அவளைத் திரும்பச் சாப்பிட வைக்க மாதக்கணக்கானது.

சந்தேகம் இருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.