சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவ்

போன மாதம் அத்தை மகளுக்கு வளைகாப்பு. மறுநாளே படங்கள் இருந்த மெமரி கார்டை அவள் தம்பி கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்துவிட்டான். முந்நூறு படம் போச்சு. கடையில் கேட்டால் நாலாயிரம் ஆகும், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள். "நீ ஒரு தடவை பாத்துச் சொல்லுப்பா" என்று அத்தை கூப்பிட்டார்.

நான் கேட்ட முதல் கேள்வி, அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஏதாவது படம் எடுத்தீர்களா என்பதுதான். நல்லவேளை, யாரும் தொடவில்லை.

என் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு பென் டிரைவ் தொங்கும். அதில் அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் இருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுப்பது. டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு கருவியோடு ஒரே ஜிப்பாக வரும். பிரித்து வைத்தால் போதும், இன்ஸ்டால் வேண்டாம். கேமராவில் ஃபார்மேட் கொடுத்தால் பெரும்பாலும் அழிவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான். படம் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான சில பைட்டுகளோடுதான் தொடங்கும். கார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துழாவி அந்தத் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கிறது. பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வராது. மீட்டதை அதே கார்டில் மட்டும் சேமித்துவிடாதீர்கள், மிச்சமிருப்பதும் அழியும். கறுப்புத் திரையும் வெறும் எழுத்துமாக இருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாப் படமும் வந்துவிட்டது. மகளுக்கு வளையல் போடும் படத்தைப் பார்த்ததும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படி இன்ஸ்டால் செய்யாமலே ஓடுவதைத்தான் போர்ட்டபிள் என்கிறோம். பெரும்பாலும் தன் செட்டிங்ஸைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வேண்டாமென்றால் ஃபோல்டரை அழித்தால் முடிந்தது. இலவசம் என்ற பெயரில் வரும் பல மென்பொருள்கள் கூடவே டூல்பாரையும், "கம்ப்யூட்டரை வேகமாக்கும்" ஏதோ ஒன்றையும் இழுத்துவந்து நிரந்தரமாகக் குடிவைக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். நாலு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பை வைத்துப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் அடிபடுகிறார்கள்.

அதற்கு என் மருந்து ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பில் ஒன்று. 2005இல் சோனி பிஎம்ஜியின் இசை சிடிக்கள் வாங்கியவர்களின் கணினியில் ரகசியமாக ரூட்கிட் (தன்னை மறைத்துக்கொள்ளும் மென்பொருள்) வைத்ததை வெளியே கொண்டுவந்தவர் இதே ருசினோவிச்தான். அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் இந்தத் தொகுப்பை வாங்கியது, இன்றும் இலவசமாகவே தருகிறது. கணினியோடு சேர்ந்து எழுந்திருப்பவை அத்தனையையும் ஆட்டோரன்ஸ் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கச் சொல்லிவிட்டு மீதியை மட்டும் பாருங்கள். தெரியாததை டெலீட் செய்யாதீர்கள். டிக்கை எடுத்தால் போதும், சிக்கல் வந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பிடிஎஃப் படிக்க சுமத்ரா வைத்திருக்கிறேன். ஒரே கோப்பு, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், மின்னூலும் படிக்கலாம். கோப்பு தேட எவ்ரிதிங். இது ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து தேடாமல், விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறை வைத்திருக்கும் பட்டியலையே படித்துவிடுவதால் பெயரைத் தட்டத் தட்ட விடை வரும். அட்மின் அனுமதி கேட்கும், அதனால் அலுவலகக் கணினிகளில் முரண்டு பிடிக்கலாம்.

எதை எடுத்தாலும் அதை எழுதியவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடினால் முதலில் வரும் பெரிய பச்சை பட்டன் பல சமயம் வேறு யாருடையதோ விளம்பரம். ஊரெல்லாம் செருகிய பென் டிரைவை வீட்டுக் கணினியில் போடும் முன் ஸ்கேன் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் ஒட்டிக்கொண்ட ஷார்ட்கட் வைரஸைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிருக்கிறது.

அத்தை மகளின் லேப்டாப்பிலும் அன்றைக்கே ஆட்டோரன்ஸ் ஓட்டினேன். பதினொரு டிக்கை எடுத்தோம். கிளம்பும் முன் இந்த நாலையும் ஒரு ஃபோல்டரில் போட்டு அவளுக்குக் கொடுத்தேன், 200 எம்பிகூட வரவில்லை. ஃபோட்டோரெக்கை எப்படி ஓட்டுவது என்று அவள் தம்பியையே உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.