சிறுநீர்ச் சோதனைப் பட்டை பற்றிப் பரவும் செய்தி தவறு

கம்பம், கூடலூர், குமுளி பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் பெற்றோருக்கென ஒரு செய்தி சுற்றி வருகிறது. போதைப்பொருளைக் கண்டறியும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை, மூளையில் போதைப்பொருள் வந்து ஒட்டும் புரதமான ஏற்பியைக் கொண்டு இயங்குவதால் கஞ்சாவோடு செயற்கைக் கஞ்சாப் பொருள்களையும் காட்டிவிடும் என்றும், இரண்டு கோடு விழுந்தால் பிள்ளை போதையில் இருப்பது உறுதி என்றும் அது சொல்கிறது. இரண்டுமே தவறு.

பட்டையில் இருப்பது ஏற்பி அன்று, குறிப்பிட்ட அமைப்புள்ள மூலக்கூறோடு பிணையும் புரதமான எதிர்ப்பொருள். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி உடலில் மாறி உண்டாகும் கார்பாக்சி டிஎச்சியைத்தான் அது அடையாளம் காணும். ஜேடபிள்யூஎச்-018 போன்ற செயற்கைப் பொருள்களின் மூலக்கூறு அமைப்பு வேறு என்பதால் அவை அதில் பொதுவாக அகப்படுவதில்லை. கோட்டைப் பற்றிய தவறு இன்னும் விபரீதமானது. கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறாக, இதில் சி (பட்டை சரியாக இயங்குவதைக் காட்டும் இடம்), டி (சோதனை முடிவைக் காட்டும் இடம்) இரண்டு இடத்திலும் கோடு தெரிந்தால், டி கோடு மங்கலாக இருந்தாலும்கூட, முடிவு 'இல்லை' என்பதே. சி கோடு மட்டும் தெரிவதுதான் சந்தேகத்துக்குரியது. அதுவும், எச்சம் சிறுநீரில் பல நாள் தங்கக்கூடும் என்பதால், அந்நேரப் போதைக்குச் சான்றாகாது.

ஏற்பிவழிச் சோதனை என்று ஒன்று உண்டுதான். கஞ்சாப் பொருள்கள் ஒட்டும் சிபி1 என்ற ஏற்பியை ஏந்திய வளர்ப்புச் செல்களில் மாதிரியைச் சேர்த்து, எழும் ஒளியை அளக்கும் முறையை பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். அது ஆய்வகத்துக்குரியது, ஏற்பியைத் தூண்டும் ஏதோ ஒன்று இருப்பதைச் சொல்லுமே தவிர, அது எது என்று சொல்லாது. அதற்கு, மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு இனங்காணும் கருவியான நிறை நிறமாலைமானி வேண்டும்.

பட்டையின் உறைக்குள் உள்ள துண்டுச்சீட்டிலேயே அது எதைக் கண்டறியும், கோட்டை எப்படிப் படிப்பது என்பவை அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, இந்தச் செய்தியை மேலும் அனுப்பாமல் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.