அந்த அறைக்கு வெளியே நின்றவர்கள்

அமெரிக்காவில் நம் வர்ஜீனியா மாநிலத்தில் சனிக்கிழமை நடந்த விழாவில், 1619இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய சபையைச் சிறப்பு விருந்தினர் புகழ்ந்தபோது நான் மறுத்து எழுந்து பேசியதைப் பற்றி மூன்று நாளாக ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். வீடியோவும் சுற்றுகிறது. நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் ஏன் எழுந்தேன் என்பதை மட்டும் முழுதாகச் சொல்ல விடுங்கள். அன்றைக்கு என் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டார்கள்.

“சுதந்திர வேட்கை கொண்ட மக்கள் 1619இல் ஜேம்ஸ்டவுனில் கூடித் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கினார்கள், நம் வர்ஜீனியாதான் ஜனநாயகத்தின் தொட்டில்” என்றார் சிறப்பு விருந்தினர். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் மகளும்.

வேட்கை அந்தச் சபையைக் கூட்டவில்லை. கூட்டியது ஒரு கம்பெனி. லண்டனில் இருந்த வர்ஜீனியா கம்பெனி 1607இல் ஆரம்பித்த குடியேற்றம் அது. லாபம் வரவில்லை. 1609-10 குளிர்காலத்தில் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியில் செத்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் ராணுவச் சட்டம், சின்னத் தப்புக்கும் கடுந்தண்டனை. இதைக் கேள்விப்பட்டவன் எவன் கப்பலேறுவான்? ஆள் பிடிக்க வேண்டும், பணம் போட்டவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். அதனால் 1618இல் கம்பெனி புது ஏற்பாடு செய்தது: சொந்தச் செலவில் வருகிறவனுக்கு 50 ஏக்கர், ராணுவச் சட்டத்துக்குப் பதிலாக இங்கிலாந்தை ஒத்த சட்டம், அதோடு ஒரு சபை. சபை போடும் சட்டத்துக்கும் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும்.

ஜூலை 30ஆம் தேதி கூடினார்கள். 50 அடி நீளம், 20 அடி அகலமுள்ள ஒரு மரச் சர்ச்சு. ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லி, அவருடைய ஆலோசகர்கள், 11 குடியிருப்புகளிலிருந்து தலா இரண்டு பிரதிநிதிகள். ஒரு குடியிருப்பின் இருவரை வெளியே அனுப்பிவிட்டார்கள், ஏனென்றால் அதன் சொந்தக்காரர் சபையின் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் பட்டா வைத்திருந்தார். ஆடிமாதத்து வெக்கை மாதிரி ஒரு வெக்கை. ஓர் உறுப்பினர் இடையிலேயே இறந்துபோனார். ஆகஸ்ட் 4ஆம் தேதி கலைந்துவிட்டார்கள்.

அந்தச் சில நாளில் என்ன செய்தார்கள்? முதல் தரப் புகையிலைக்கு ராத்தலுக்கு மூன்று ஷில்லிங் என்று விலை வைத்தார்கள். வேலைக்காரப் பெண் பெற்றோரோ எசமானரோ சம்மதிக்காமல் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். தாமஸ் கார்னெட் என்ற வேலையாள் மீது அவனுடைய எசமானர் புகார் சொன்னார். நாலு நாள் அவன் காதுகளைக் கட்டையில் ஆணியடித்து வைத்துத் தினமும் சாட்டையால் அடிக்கச் சொல்லித் தீர்ப்பு. அந்த எசமானர் வில்லியம் பாவல், அதே சபையில் ஜேம்ஸ்டவுனின் பிரதிநிதி.

இதைத்தான் நான் கேட்டேன். அறைக்குள் யார் இருந்தார்கள் என்று சொல்கிறீர்களே, வெளியே யார் நின்றார்கள்? பெண்கள் ஒருவரும் உள்ளே இல்லை. யாருடைய மண்ணோ அந்தப் பவ்ஹாட்டன் பழங்குடி மக்கள் இல்லை. அதே ஆகஸ்ட் கடைசியில், ஜேம்ஸ்டவுன் இருக்கும் அதே ஆற்றின் முகத்துவாரத்தில், பாயிண்ட் கம்ஃபர்ட்டில் ‘ஒயிட் லயன்’ கப்பல் வந்து நின்றது. அதிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைச் சாப்பாட்டுச் சாமான்களுக்கு விற்றார்கள். நடுவில் ஒரு மாதம்கூட இல்லை.

“அந்தக் காலத்தை இன்றைய கண்ணால் பார்க்கலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றைய கண்ணாலேயே பார்ப்போம். ஜேம்ஸ்டவுனில் கீல், தார் காய்ச்சிய போலந்துக்காரர்கள் இருந்தார்கள். எங்களுக்கு ஏன் உரிமை இல்லை என்று பிரச்சினை எழுப்பினார்கள். சபை கூடுவதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 21ஆம் தேதி, லண்டனில் கம்பெனி இறங்கி வந்து மற்றவர்களுக்குச் சமமான உரிமை கொடுத்தது. அவர்களுடைய தொழில் கம்பெனிக்குத் தேவைப்பட்டது. ஆக, சிலரை விட்டுவிட்டோம் என்பது அன்றைக்கே தெரிந்துதான் இருந்தது.

ராணுவச் சட்டத்தைவிடச் சபை மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்ந்தெடுத்த சபை என்பதால் மட்டும் அது நல்லதாகிவிடாது. 1662இல் இதே வர்ஜீனியா சபைதான் அடிமைத் தாயின் பிள்ளையும் அடிமை என்று சட்டம் போட்டது. ராஜா போடவில்லை. வாக்கு வாங்கி வந்தவர்கள் போட்டார்கள்.

“நல்ல நாளும் அதுவுமா எதற்கு இழவுப் பேச்சு?” என்று விழாக் குழுவில் ஒருவர் கேட்டார். “இந்த நாட்டில் சோறு தின்றுகொண்டே” என்று இன்னொருவர். இது வலித்தது. சோறு போடுகிற ஊர் என்பதால்தான் அதன் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அப்புறம் ஒன்று. என் அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில், நின்று பேர் கொடுத்தவர். 1947 தேர்தலில் வாக்குப் போட்டார், கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்களோடு நடந்தே போய். மறுவருஷம் இலங்கையின் புதுப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது, அதில் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது. 1949இல் வாக்கும் போனது. அதையும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் கையைத் தூக்கி நிறைவேற்றினார்கள். கடைசியில் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். “நாம இல்லாத எடத்துல நம்மளப் பத்திப் பேசி முடிச்சிட்டாங்க கண்ணு” என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார், வெற்றிலையை மடிப்பார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைக் கேட்காமல் ஒன்றும் நடக்காத லயத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எசமானர் சம்மதமில்லாமல் கல்யாணம் கூடாது என்று ஒரு சபை எழுதி வைத்ததைப் படித்தால் என்னால் கைதட்ட முடியாது. வரலாறு படித்த கர்வத்தில் நான் எழுந்ததாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அப்பாயியின் பேத்தியாக எழுந்தேன்.

வருகிற ஞாயிறு மகளை ஜேம்ஸ்டவுன் கூட்டிப் போகிறேன். அந்தப் பழைய சர்ச்சின் அஸ்திவாரக் கற்களைக் காட்டிவிட்டு, மத்தியானம் அப்படியே பாயிண்ட் கம்ஃபர்ட் கடற்கரைக்குப் போவோம். காரில் இரண்டு இடம் இருக்கிறது. சனிக்கிழமை பேசியவர் வந்தாலும் சந்தோஷம்தான், காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம்.