கணக்கைக் காட்டுங்கள்

ஒரு பாடகரோ திரைக்கதை எழுத்தாளரோ தனக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று வெளியே சொன்னால் போதும். "கையெழுத்துப் போடும்போது கண் எங்கே போனது? அன்றைக்கு இனித்தது இன்றைக்குக் கசக்கிறதா?" என்று கேட்க ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள், வக்கீலை வைத்துப் படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். சதவீதமெல்லாம் ஒப்பந்தத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கும். எந்தத் தொகையின் மேல் அந்தச் சதவீதம் என்பதில்தான் சூது. அந்தத் தொகையைக் கணக்கிடுகிறவரும், அது குறைந்தால் லாபமடைகிறவரும் ஒரே ஆள்.

சினிமாவில் இதற்கு நிகர லாபத்தில் பங்கு என்று பெயர். படம் ஓடினால் செலவு போக மிஞ்சுவதில் உங்களுக்கு இத்தனை சதவீதம் என்பார்கள். நியாயமாகத்தான் தெரியும். ஆர்ட் புக்வால்ட் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளருக்கும் ஆலன் பெர்ன்ஹைம் என்ற தயாரிப்பாளருக்கும் பாரமவுண்ட் நிறுவனத்துடன் இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தது. 1988இல் எடி மர்ஃபி நடித்து வந்த 'கமிங் டு அமெரிக்கா' தங்கள் கதைக்கருவிலிருந்து எடுத்தது என்று இருவரும் வழக்குப் போட்டார்கள். 1990இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. சரி, பங்கைக் கொடுங்கள் என்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தில் நிகர லாபம் என்று ஒன்றுமே இல்லை என்றது நிறுவனம்.

நீதிமன்றம் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. தயாரிப்புச் செலவின் மேல் நிர்வாகச் செலவு என்று 15 சதவீதம் ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு உண்மையில் செலவானதா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. விளம்பரச் செலவின் மேல் தனியாக 10 சதவீதம். அப்புறம், இப்படி ஏற்றிய நிர்வாகச் செலவுக்கும் வட்டி. அந்த வட்டி விகிதத்துக்கும் நிறுவனம் வாங்கிய பணத்துக்கு உண்மையில் ஆன செலவுக்கும் பொருத்தமில்லை. இந்த மாதிரி விதிகள் மனசாட்சிக்கு ஒவ்வாதவை என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். 1992இல் இருவருக்கும் சேர்த்து 9 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். வழக்கு நடத்த ஆன செலவோ அதைவிட அதிகம். அந்தப் படத்தின் நாயகனே நிகர லாபப் பங்கை, அதை வாங்குகிறவர் முட்டாள் என்ற அர்த்தத்தில், 'குரங்குப் பங்கு' என்றுதான் குறிப்பிட்டார். பெரிய நட்சத்திரங்கள் அதைத் தொடவே மாட்டார்கள், மொத்த வசூலில்தான் பங்கு கேட்பார்கள். பேரம் பேச வலுவில்லாதவர்களுக்கு மட்டும்தான் நிகர லாபம்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது. ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாவது படத்துக்கான கணக்கு அறிக்கை ஒன்று 2010இல் கசிந்தது. சுமார் 94 கோடி டாலர் வசூலித்த அந்தப் படம் 16.7 கோடி டாலர் நஷ்டம் என்று அதில் இருந்தது. வசூலில் ஏறக்குறைய பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். விநியோகக் கட்டணம் மட்டும் 21 கோடி டாலருக்கு மேல். வட்டி 5 கோடிக்கு மேல். விநியோகித்தது யார்? அதே ஸ்டூடியோ. ஸ்டூடியோ தன் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிய பணத்தைப் படத்தின் செலவு என்று எழுதியிருக்கிறார்கள். இதைச் சட்டப்படி குற்றம் என்று சொல்ல முடியாமல் இருக்கலாம், திருட்டுத்தனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஓடிடி வந்த பிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. தொடரைத் தயாரிப்பதும், ஒளிபரப்புவதும், இணையத்தில் வெளியிடுவதும் ஒரே குழுமம் என்றால் விலையை யார் நிர்ணயிப்பது? 'போன்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டு முதன்மை நடிகர்களும் தயாரிப்பாளரும் மூலக்கதை ஆசிரியரும் ஃபாக்ஸ் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கின் மையமே இதுதான். தொடரைத் தன் சொந்த அலைவரிசைக்கும், தான் பங்கு வைத்திருந்த ஹுலு என்ற ஓடிடி தளத்துக்கும் குறைந்த விலைக்குக் கொடுத்து அவர்கள் பங்கைக் குறைத்தார்கள் என்பது புகார். 2019இல் இந்த வழக்கை விசாரித்த தனி நடுவர் கிட்டத்தட்ட 18 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார். அதில் தண்டனைத் தொகையாக இருந்த பெரும்பகுதியைப் பின்னால் நீதிமன்றம் ரத்து செய்தது, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. பல வருஷம் ஓடிய தொடரின் நாயகன் நாயகிக்கே இந்தப் பாடு. அதில் இரண்டு எபிசோட் எழுதிய ஒருவர் தன் பங்கைக் கேட்டு எந்த வாசலில் போய் நிற்பார்?

இசைத்துறையில் இதே வேலை வேறு உருவத்தில் நடக்கிறது. பாடகருக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஒலிப்பதிவுச் செலவையும் ஏற்று, எல்லாவற்றையும் அவர் பெயரில் கடனாக எழுதிக்கொள்வார்கள். ஒரு ஆல்பத்துக்கு இப்படி 100 ஆனது என்று வையுங்கள். ராயல்டி 15 சதவீதம். ஆல்பம் 500 சம்பாதித்துவிட்டது. போட்ட முதல் என்றைக்கோ திரும்பிவிட்டது என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். நிறுவனத்தின் கணக்கு அப்படிப் போகாது. 500இல் பாடகரின் பங்கான 75ஐ மட்டும்தான் கடனில் கழிப்பார்கள். ஆக 500ம் நிறுவனத்தின் கையில், பாடகர் பெயரில் இன்னும் 25 பாக்கி. அடுத்த ஆல்பம் நன்றாக ஓடினாலும் முதலில் இந்தப் பாக்கியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவழியாகக் கடன் முழுக்க அடைந்தாலும் மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். கடனை அடைத்த பிறகும் பத்திரம் கடன் கொடுத்தவர் பெட்டியிலேயே இருக்கிறது.

கழிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஷெல்லாக் இசைத்தட்டுகள் வண்டியில் போகும்போது உடையும். அதற்காக ராயல்டியில் ஒரு பகுதியைக் கழித்தார்கள். உடையாத வினைல் வந்தது, சிடி வந்தது, அந்தக் கழிவு மட்டும் ஒப்பந்தங்களில் போகவே இல்லை. சிடி உறைக்கென்று 25 சதவீதம் வரை கழித்ததும் உண்டு. உறையே இல்லாத டவுன்லோடுக்குக்கூட உறைக் கழிவு போட்ட ஒப்பந்தங்கள் இருந்தன. இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

இந்தத் துறையில் என்னை அதிகம் வாட்டுவது சாலமன் லிண்டாவின் கதை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு பாடகர். 1939இல் 'எம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்கா போய் வேறு வரிகளோடு உலகம் முழுக்க ஒலித்தது, டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் வந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் வைக்கக்கூட குடும்பத்திடம் பல வருஷம் பணமில்லை. 2006இல்தான், வழக்குக்குப் பிறகு, அவருடைய மகள்களுக்கு ஒரு தீர்வு கிடைத்தது. "கையெழுத்துப் போட்டாரே" என்று இவரைப் பார்த்தும் சொல்வார்களா?

வானொலியில் பாட்டுப் போட லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1960இலேயே சட்டத்தால் தடுத்தது. அப்படியும் 2005இல் சோனி பிஎம்ஜி இதே புகாரில் நியூயார்க் மாநிலத்துக்கு 1 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்தது. இன்று ஸ்பாட்டிஃபையில் 'டிஸ்கவரி மோட்' இருக்கிறது. ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் உங்கள் பாட்டைப் பரிந்துரைகளில் முன்னால் கொண்டுவருவோம் என்கிறார்கள். எந்தப் பாட்டு இப்படி முன்னால் வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. 2024இலிருந்து, 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. சின்னத் தொகைதான். ஆனால் அது இன்னொருவர் உழைத்த காசு, அதைப் பெரிய பாடல்களின் பக்கம் திருப்ப இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பத்துப் படத்தில் ஏழு ஊத்திக்கொள்கிறது, ஓடுகிற மூன்றில்தானே நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்வார்கள். பணம் போடுகிறவருக்கு ஆபத்து உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஆபத்துக்கு அதிகப் பங்கு வேண்டுமென்றால் பேரத்தில் நேராகக் கேட்கட்டும். எழுத்தாளருக்கு 5 சதவீதம் என்று சொல்லிவிட்டு அந்த 5 சதவீதம் எந்தக் காலத்திலும் பூஜ்யத்தைத் தாண்டாதபடி கணக்கெழுதுவதை வியாபார ஆபத்து என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. படத்தில் இடம்பெறும் பாடலின் கவிஞரும் இசையமைப்பாளரும், தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று இந்தியா 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 வழிகாட்டுதல், படைப்பு எவ்வளவு சம்பாதித்தது என்பதைக் குறைந்தது வருஷத்துக்கு ஒரு முறையாவது படைத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பேசிய தொகை பின்னால் வந்த வருமானத்துக்கு ஒவ்வாத அளவு குறைவாக இருந்தால் கூடுதல் கேட்கவும் உரிமை தருகிறது. ஆனால் கேட்கிறவருக்கு அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் இருக்கும்வரை சட்டம் ஏட்டில்தான் கிடக்கும். அதனால் கேட்பது தனி ஆளாக இருக்கக்கூடாது, சங்கமாக இருக்க வேண்டும். 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் தாங்கள் எழுதிய தொடர்களை எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் தங்கள் சங்கத்திடம் காட்ட ஓடிடி நிறுவனங்கள் சம்மதித்தன. அதுவும் ரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.