அழாமல் வழியனுப்பச் சொல்லாதீர்கள்

என் கணவர் மூன்றாவது முறையாகக் களப்பணிக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறார். எங்கே போனார், எந்நாளில் போனார், எப்போது திரும்புவார் என்று இங்கே எழுதப் போவதில்லை. தேதியும் இடமும் பொதுவெளிக்கு வரக் கூடாது என்பது படைவீரர் குடும்பங்கள் முதலில் கற்கும் பாடம். நான் எழுத வந்தது, ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லப்படும் ஓர் அறிவுரையைப் பற்றி. "நீ அழுதால் அவருக்கு அங்கே வேலையில் மனம் நிற்காது, சிரித்த முகத்தோடு அனுப்பி வை" என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

முதல் முறை அந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தேன். காலுறைகளை எண்ணி வைத்தேன், சார்ஜரை எடுத்துக்கொண்டாரா என்று நான்கு முறை கேட்டேன், கடைசி நிமிடம் வரை சிரித்துக்கொண்டே இருந்தேன். பல வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசியபோது, "நான் போவதில் உனக்கு வருத்தமே இல்லையோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்" என்றார். அவருடைய தைரியத்தைக் காப்பதற்காக நான் விழுங்கிய அழுகை, அவரிடம் போய்ச் சேர்ந்தபோது அலட்சியமாக மாறியிருந்தது.

இரண்டாம் முறை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, சண்டை போட்டோம். வாசற்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று அவர் அதைக் கழற்றப் போக, இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு என்று நான் கேட்க, புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாட்கள் பேச்சே இல்லாமல் கழிந்தன. அந்தக் குற்றவுணர்வு பல மாதங்கள் என்னை அரித்தது. பிறகுதான், அமெரிக்கக் கடற்படையினரின் மனைவியரிடம் கண்டவற்றை வைத்துக் கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987-ல் எழுதிய கட்டுரையைப் பற்றி அறிந்தேன். பிரிவுக்கு முன்பு தொடங்கி, திரும்பி வந்து ஒன்றுசேர்வது வரை 7 கட்டங்களை அவர் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது, வரப்போகும் இழப்பை எண்ணித் தவிப்பது. இரண்டாவது, ஒருவரைவிட்டு ஒருவர் விலகி ஒதுங்கிக்கொள்வது. எனக்குத் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வந்தது. பிரியப் போகும் மனம், வலி குறையும் என்று நம்பி முன்கூட்டியே தள்ளிப் போய் நின்றுகொள்கிறது. அன்பு வற்றிவிட்டதால் வந்த சண்டை அன்று அது. இதை எனக்கு யாரேனும் முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அழுகை கடமையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு நம் பழந்தமிழ் இலக்கணத்திலேயே பதில் இருக்கிறது. தலைவன் புறப்படும் நேரத்தில் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பார்கள். அது போகாமல் இருந்துவிடுவதற்காக அன்று, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்காகவே என்று அந்த இலக்கணம் தெளிவுபடுத்துகிறது. தேற்றுவதற்கு அவள் துயரம் முதலில் அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இந்த முறை எதையும் மறைப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். உயில், காப்பீடு, வங்கிக் கணக்கின் நியமனதாரர், அவர் சார்பில் நான் கையெழுத்திடுவதற்கான அதிகார ஆவணம் என எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பேசினோம். புறப்படும் நேரத்தில் அமங்கலமான பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் தடுத்தார்கள். எனக்கோ, எங்கள் திருமண வாழ்வில் அவர் என்னிடம் மிகுந்த பரிவோடு பேசிய மாலை அதுதான். இன்னொன்றும் அன்று சொன்னார். படையில் யாருக்கேனும் உயிரிழப்பு நேர்ந்தால், அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போய்ச் சேரும்வரை மற்றவர்களின் தொலைபேசி, இணையத் தொடர்பையும் நிறுத்தி வைப்பதுண்டு. ஆகவே சில நாட்கள் என் குரல் வரவில்லை என்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டாதே என்றார். "கவலைப்படாதே" என்று நூறு பேர் சொன்னதைவிட அந்த ஒரு விளக்கம்தான் இன்று என்னைத் தூங்க வைக்கிறது.

மகன் தூங்கும்போதே கிளம்பிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. விழித்ததும் அப்பாவைக் காணாத குழந்தை, அதன் பிறகு ஒவ்வொரு இரவும் தூங்கப் பயப்படும். ஆறு வயதுக்குப் புரியும் சொற்களில் அவரே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கதைகளைத் தம் குரலில் பதிவு செய்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வண்டி வந்தபோது இருவருமே அழுதோம். மகன் எங்கள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் சட்டை நுனியால் முதலில் அவர் கண்ணைத் துடைத்தான். வண்டியில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, தாழ்ப்பாளைச் சற்று மேலே தூக்கிப் போட்டால்தான் விழும் என்று சொன்னார். இன்றிரவும் அப்படித்தான் போட்டேன்.