மாதம் 10 கிலோவா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

"ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்கலாம்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 10 கிலோவுக்கு 77,000. முப்பது நாளுக்கு வகுத்தால் தினமும் 2,500-க்கு மேல் பற்றாக்குறை வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும், நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் நாள் முழுக்கச் செலவழிப்பதே பெரும்பாலும் 1,800 முதல் 2,200 கலோரிதான். மாதம் முழுக்க வெறும் தண்ணீர் குடித்துக் கிடந்தாலும் அவருக்கு 10 கிலோ கொழுப்பு கரையாது.

ஆனாலும் மெஷினில் 10 கிலோ குறைந்து காட்டியவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். குறைந்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

முதலில் போவது தண்ணீர். கல்லீரலும் தசைகளும் சேர்ந்து ஏறக்குறைய அரை கிலோ கிளைகோஜனை, அதாவது சாப்பிட்ட மாவுச்சத்தின் சேமிப்பை, வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் சில நாளில் இந்தச் சேமிப்பு தீர்ந்து, கூடவே தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ போனது என்றால் அதில் பெரும்பகுதி இதுதான். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டு மூன்று நாளில் அத்தனையும் வந்து சேர்ந்துவிடும். அதைப் பார்த்து "டயட் தோற்றுப்போச்சு" என்று மனம் உடைய வேண்டியதில்லை. முதல் வார எண்ணைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அடுத்தது தசை. பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு கிலோ தசை கரைய அதில் கால்வாசி கூடத் தேவையில்லை, தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. அதனால் பட்டினி கிடந்து தசையைக் கரைப்பவருக்கு எண் மளமளவென்று இறங்கும். தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பைக் குறைப்பவருக்கு நிதானமாகத்தான் இறங்கும். இரண்டு பேரையும் மெஷினை வைத்து ஒப்பிட்டால் தப்பாகச் செய்கிறவர்தான் ஜெயித்த மாதிரித் தெரிவார். "யார் அதிக கிலோ குறைக்கிறார்கள்" என்று நடத்தும் போட்டிகள் மேல் எனக்குக் கோபம் வருவதே இதனால்தான்.

சரி, எவ்வளவு வேகம்தான் சரி? பொதுவாகச் சொல்வது வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ. என்னைக் கேட்டால், கிலோவை விட்டுவிட்டு உங்கள் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 கிலோ உள்ளவருக்கு வாரம் ஒரு கிலோ சாதாரணம். 60 கிலோ உள்ளவருக்கு 300 முதல் 600 கிராம். அவர் ஒரு கிலோ வேண்டும் என்று அடம்பிடித்தால் தசைதான் விலை. எடை குறையக் குறைய வேகமும் குறையும், அது இயல்பு. வாரம் அரை கிலோவுக்குத் தினமும் சுமார் 550 கலோரி பற்றாக்குறை போதும். சாப்பிடும் அளவில் பெண்கள் தினமும் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே தாங்களாக இறங்க வேண்டாம். 800-க்குக் கீழ் என்பது மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டும்.

வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பித்தப்பையைப் பாருங்கள். கல்லீரல் சுரக்கும் பித்தநீரை அது சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் சுருங்கி வெளியே தள்ளுகிறது. எடை வேகமாக இறங்கும்போது, கரையும் கொழுப்பிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் பித்தநீரில் அளவுக்கு மீறிச் சேர்கிறது. அதே நேரத்தில், எண்ணெயே தொடாமல் சாப்பிடுவதால் பித்தப்பை சுருங்குவதற்கு வேலையே வருவதில்லை. நீர் தேங்குகிறது, கெட்டியாகிறது, கொலஸ்ட்ரால் படிகமாகிக் கல்லாகிறது. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களிடம் இந்த அபாயம் நன்றாகவே ஏறுகிறது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குச் சில மாதங்கள் அர்சோடிஆக்ஸிகோலிக் ஆசிட் மாத்திரை தருவது இதற்காகத்தான். டயட்டில் இருப்பவர் செய்யக்கூடியது எளிது: தினமும் ஒரு வேளை உணவிலாவது 10 கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய் அளவு, இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் வலது விலாவுக்கு அடியில் பிடித்து, தோள்பட்டை வரை இழுக்கும் வலியை "வாயு" என்று தள்ளிப்போடாதீர்கள். கூடவே காய்ச்சலோ கண் மஞ்சளோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

முடி கொட்டுவதும் இதோடு சேர்ந்த கதைதான். உடல் பட்டினியை உணர்ந்ததும் முடி வேர்கள் ஓய்வு நிலைக்குப் போகும். ஆனால் கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் டயட்டே மறந்திருக்கும், பழி ஷாம்பு மேல் விழும். யூரிக் ஆசிட் கூடி கவுட் என்ற மூட்டு வலி வருவது, மாதவிடாய் தள்ளிப்போவது, எழுந்தால் தலைசுற்றுவது எல்லாமே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அறிகுறிகள்.

தசையைக் காப்பாற்ற இரண்டு வேலை. அடைய நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம்: 65 கிலோ இலக்கு என்றால் நாளுக்கு 80 முதல் 100 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அப்புறம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் தசையை நிறுத்தி வைக்காது. போன மாதம் தூக்கிய எடையை இந்த மாதமும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் தசையை இழந்துகொண்டிருக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். "வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்பி வரும்" என்பார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 12 வாரத்தில் குறைத்தவர்களும் 36 வாரத்தில் குறைத்தவர்களும், ஏறக்குறைய மூன்று வருடத்தில், இழந்ததில் சுமார் 70 சதவீதத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில் தினமும் 850 கலோரி அளவிலான திரவ உணவில் சில மாதங்கள் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் டைப் 2 சர்க்கரை நோய் தணிந்திருந்தது. ஆனால் அங்கே முதல் நாளே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தி, தொடர்ந்து கண்காணித்தார்கள். வீட்டில் தானாக அதே உணவளவுக்கு இறங்கி, மாத்திரையைப் பழையபடி போட்டால் விபரீதம். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளும் சர்க்கரையை மயக்கம் வரும் அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவர் மாவுச்சத்தை அறவே நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. டயட் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள்.

எடை பார்க்கும் முறை: காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில். ஏழு நாள் எண்களின் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய், புதிதாகச் செய்த உடற்பயிற்சி எல்லாம் ஒரே இரவில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டேப்பில் அளந்து எழுதுங்கள். எடை நின்று இடுப்பு குறைந்தால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் இருந்தவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் தாங்களாகக் கையில் எடுக்க வேண்டாம். எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டால், அதாவது 70 கிலோவில் மூன்றரை கிலோ போய்விட்டால், "மெலிஞ்சுட்டீங்களே, என்ன டயட்?" என்று கேட்பவர்களின் பாராட்டில் மயங்காமல் சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று காரணத்தைத் தேடிப் பரிசோதனைக்குப் போங்கள்.