கேள்வி கேட்கத்தான் உங்களை அங்கே இருத்தினோம்

எங்கள் தமிழ்க் கவுன்சிலர் கவுன்சில் கூட்டத்தில் பேசிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லண்டனில் எந்தத் தமிழ் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் அதுதான். "எங்கள் கவுன்சிலர் என்ன அழகாகக் கதைத்தார்" என்று கைதட்டும் இமோஜிகள் வேறு. கைதட்ட அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சுகாதாரத்தையும் முதியோர் பராமரிப்பையும் கண்காணிக்கிற ஸ்க்ரூட்டினி கமிட்டிக் கூட்டம். மற்றக் கட்சி கவுன்சிலர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அதிகாரியிடம் கேட்கிறார்: தெற்காசியக் குடும்பங்களிலிருந்து பராமரிப்பு உதவி கேட்டு வருபவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? நல்ல கேள்வி. அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அந்தக் கமிட்டியில் இருக்கும் எங்கள் கவுன்சிலர் அண்ணை மைக்கைப் பிடித்துவிட்டார். எங்கள் சமூகத்தில் தாய் தகப்பனைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள், அது எங்கள் பண்பாடு என்றார். அதிகாரியின் முகத்தில் வந்த நிம்மதியைக் கவனித்தீர்களா? நன்றி சொன்னார்கள், அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

அண்ணை, அந்தக் கதிரையில் உங்கள் வேலை கேள்வி கேட்பது. அதிகாரிக்குப் பதில் எடுத்துக் கொடுப்பது இல்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களை இரண்டாகப் பிரித்ததே இதற்காகத்தான்: கவுன்சிலின் கபினெட்டில் இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள், மற்றவர்கள் அவர்களைக் கேள்வி கேட்பார்கள். 2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரமும் கவுன்சில் கைக்கு வந்தது. நாற்பது வயதுக்கு மேல் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு பிரஷர், கொலஸ்ட்ரோல், சீனி பார்க்கிறார்களே, அந்த ஹெல்த் செக்குக்குப் பொறுப்பும் கவுன்சில்தான். சலரோகம் எங்கள் வீடுகளில் என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை தமிழருக்கு அந்தக் கடிதம் போனது, எத்தனை பேர் வந்தார்கள் என்று அண்ணை ஒருநாளாவது கேட்டிருப்பாரா? கூட்டங்களின் வீடியோ எல்லாம் கவுன்சில் தளத்தில் இருக்கிறது, போய்த் தேடிப் பாருங்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயாளிகள் குடிக்கத் தண்ணீர்கூட ஒழுங்காகக் கிடைக்காமல் கிடந்த இடம். அதை விசாரித்து 2013 பெப்ரவரியில் வந்த பிரான்சிஸ் அறிக்கை, ஆஸ்பத்திரியை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அங்கிருந்த கவுன்சில்களின் ஸ்க்ரூட்டினி கமிட்டிகளுக்கும் நன்றாகக் கொடுத்தது. அவர்களும் கூட்டம் போட்டவர்கள்தான், நன்றி சொன்னவர்கள்தான். ஆஸ்பத்திரி சேவைகளில் பெரிய மாற்றம் வந்தால் அதை நேரே சுகாதார அமைச்சருக்கு அனுப்பும் அதிகாரம் கமிட்டிகளுக்கு முன்பு இருந்தது. 2024 ஜனவரியோடு அதுவும் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது வாய் மட்டும்தான். அதையும் அதிகாரிக்கு இரவல் கொடுத்தால்?

"கவுன்சிலிடம் காசில்லை, அவர் என்ன செய்வார்" என்று சிலர் வருவீர்கள். தெரியும். 2016இலிருந்து கவுன்சில் வரியோடு பராமரிப்புக்கென்று தனியாகவும் கட்டுகிறோம், அப்படியும் போதவில்லை. 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். அந்தத் தொகை 2010இலிருந்து அசையவே இல்லை. ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குக் கட்டும் காசுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வரும் வரும் என்றார்கள், 2024 ஜூலையில் அதையும் கைவிட்டார்கள். சரி, காசில்லைதான். கேள்வி கேட்க எவ்வளவு செலவாகும்?

"அவர் சொன்னது பொய்யா? நாங்கள் பார்ப்பதில்லையா?" என்று கேட்பவர்களுக்குத்தான் நான் இதை எழுத உட்கார்ந்ததே.

மாமிக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட நேரம். சோஷல் வேர்க்கர் போனில் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர். சொன்னேன். "நல்லது, பெரிய குடும்பம்" என்றார். அவ்வளவுதான், குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று எழுதிவிட்டார்கள். உனக்கு இது முடியுமா, விருப்பமா, வேலைக்கு என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வீட்டு ஆட்கள் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்காமல்தான் தேவையை மதிப்பிட வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கும் தனியாக ஒரு மதிப்பீடு உண்டு. இதை எனக்குச் சொன்னது கவுன்சில் இல்லை, மாடிவீட்டு சோமாலிப் பெண்.

பிறகு சண்டை பிடித்து கெயாரர் வந்தார். காலையில் பதினைந்து நிமிடம். அரை மணிக்குக் குறையக் கூடாது என்று சுகாதார, பராமரிப்புத் தரங்களுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு 2015இலேயே சொல்லியிருக்கிறது, சில விதிவிலக்குகளைத் தவிர. ஒரு பக்கம் விழுந்துபோன மனுசியைப் பதினைந்து நிமிடத்தில் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடும் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். கேரளாவிலிருந்து விசாவுக்குக் கடன் வாங்கி வந்தவள், அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், ஓடுகிற நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. அந்தக் கொன்ட்ராக்டை எழுதியவர்களை யார் கேட்பது? அதற்குத்தானே அண்ணை அந்தக் கமிட்டி!

அப்புறம் இந்த "பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்". எந்தப் பிள்ளைகள்? மகள்தான், மருமகள்தான். வேலையைப் பாதியாகக் குறைத்தது நான். இடுப்பு நோவுக்கு ஜீபியிடம் போவதும் நான். மகன்மார் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்து போட்டோ போடுவார்கள், கீழே "கொடுத்து வைத்த அம்மா" என்று கொமென்ட் விழும். அண்ணை வீட்டில் யார் குளிப்பாட்டியது என்று நான் கேட்கப்போவதில்லை, அது அவர் குடும்ப விடயம். ஆனால் என் குடும்ப விடயத்தைக் கவுன்சில் பதிவேட்டில் ஏற்ற அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? மாமி மேல் பாசமில்லாமல் எழுதுகிறேன் என்று ஒருவர் சொல்வீர்கள். சொல்லுங்கள். பாசம் ஒரு மனுசியைத் தனியாகக் கட்டிலிலிருந்து தூக்காது.

"எங்கள் ஆளை நாங்களே தாழ்த்தலாமா" என்பவர்களுக்கு: அவரை நிற்க வைத்ததே நாங்கள். பொங்கலுக்கு வேட்டியோடு வந்து சொன்னார், உங்கள் குரலாக இருப்பேன் என்று. அந்தப் பெண்மணி தமிழ் தெரியாமலே எங்களுக்காகக் கேட்டார். எங்கள் ஆள் அதை அடைத்தார். யார் எங்களைத் தாழ்த்தியது என்று நீங்களே யோசியுங்கள்.

வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இதை வாசித்தால், கவுன்சிலுக்குப் போன் எடுத்து, பராமரிப்பவருக்கான மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். பதில் வர இரவாகும்.